பெரிய எண் எங்கே தொடங்குகிறது?

ஒரு கடையில் விசித்திரமான நாணயங்கள் மட்டுமே செல்லும் என்று வைத்துக்கொள்வோம். 1 ரூபாய் நாணயம் உண்டு. அடுத்தது 64 ரூபாய். அதற்கடுத்து 729, பிறகு 4,096, பிறகு 15,625. நடுவில் வேறு எதுவும் கிடையாது. நீங்கள் சரியாக 703 ரூபாய் கொடுக்க வேண்டும். கடைக்காரர் மீதி தரமாட்டார். குறைந்தது எத்தனை நாணயங்கள் வேண்டும்?

729 கைகொடுக்காது, தொகையைவிடப் பெரியது. 64 ரூபாய் நாணயத்தில் பத்து எடுத்தால் 640. பதினொன்று எடுத்தால் 704, ஒரு ரூபாய் கூடிவிடுகிறது. பத்தோடு நிறுத்திக்கொண்டு, மிச்சமுள்ள 63 ரூபாயையும் ஒற்றை ரூபாய்களாக எண்ணிக் கொடுக்க வேண்டியதுதான். பத்தும் அறுபத்து மூன்றும் சேர்ந்து 73 நாணயங்கள். இதைக் குறைக்க வழியே இல்லை.

இந்த நாணயங்கள் மனம்போனபடி அடித்தவை அல்ல. 2ஐ ஆறு தடவை எழுதிப் பெருக்கினால் 64. 3ஐ அப்படிப் பெருக்கினால் 729. 4க்கு 4,096. இவற்றை ஆறாம் அடுக்கு எண்கள் என்பார்கள். 703ஐ ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டலாக எழுத 73 எண்கள் தேவை என்பதைத்தான் நாம் நாணயங்களைக் கொண்டு பார்த்தோம்.

இப்போது உண்மையான கேள்வி. 73 நாணயங்கள் போதாத தொகை ஏதாவது உண்டா? கோடியில் இருக்கலாம், கோடி கோடியில் இருக்கலாம். தொகை பெரிதாகும்போது நாணயங்களும் அதிகம் தேவைப்படும் என்றுதான் முதலில் தோன்றும். 703ஓடு ஒரு 729ஐச் சேர்த்து 1,432 ரூபாய் ஆக்கிப் பாருங்கள். 729 ரூபாய் நாணயம் ஒன்று, 703க்கு 73, ஆக 74 வேண்டும் என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால் 64 ரூபாய் நாணயங்கள் 22 எடுத்தால் 1,408 ஆகிவிடுகிறது. மிச்சம் 24 ஒற்றை ரூபாய்கள். மொத்தம் 46 நாணயங்களே. தொகை இரண்டு மடங்கானது, நாணயம் குறைந்துவிட்டது.

எந்த முழு எண்ணுக்கும் 73 போதும் என்று 1940இல் நிரூபித்தவர் ஒரு தமிழர், சு. சிவசங்கரநாராயண பிள்ளை. குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லம் என்ற கிராமத்தில் 1901இல் பிறந்தவர். 1942 முதல் இறுதிவரை கல்கத்தா பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தவர். ராமானுஜனுக்குப் பின் இந்தியாவில் எண்கோட்பாட்டில் நடந்த வேலைகளில் முதல் வரிசையில் வைக்கத்தக்கது இந்த 73. நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

கேள்வி பழையது. 1770இல் எட்வர்ட் வேரிங் என்ற ஆங்கிலேயர், எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாகவோ, ஒன்பது கனங்களின் கூட்டலாகவோ, பத்தொன்பது நான்காம் அடுக்குகளின் கூட்டலாகவோ எழுதிவிடலாம் என்று எழுதினார். நிரூபணம் எதுவும் தரவில்லை. வர்க்கங்களுக்கு நான்கு போதும் என்பதை அதே ஆண்டில் லக்ராஞ்சு நிரூபித்தார். ஒவ்வோர் அடுக்குக்கும் இப்படி ஓர் எல்லை இருக்கிறது என்பதை மட்டும் 1909இல் ஹில்பர்ட் நிறுவினார். அந்த எல்லை எவ்வளவு என்பது அவருடைய வழியில் வெளிப்படவில்லை.

ஆறாம் அடுக்குக்கு எல்லை 73க்குக் குறையாது என்பதை நாமே மேலே பார்த்துவிட்டோம், 703 அதற்குச் சாட்சி. எல்லை 73ஐத் தாண்டாது என்று காட்டுவதுதான் கடினம். எண்களுக்கு முடிவில்லை. எத்தனை கோடி எண்களைச் சோதித்துப் பார்த்தாலும் சோதிக்காதவை அதைவிட அதிகம்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. இந்தக் கேள்வியில் பெரிய எண்கள் சொல்பேச்சுக் கேட்பவை. சிறிய எண்கள்தான் முரண்டு பிடிப்பவை. 703க்கு ஏன் 73 தேவைப்பட்டது? கையில் இரண்டே வகை நாணயம் இருந்ததால். எண் பெரிதாக ஆக நாணய வகைகள் கூடுகின்றன, அவற்றைச் சேர்க்கும் வழிகள் அதைவிட வேகமாகப் பெருகுகின்றன. 73 ஆறாம் அடுக்குகளைக் கொண்டு ஒரு பெரிய எண்ணை எழுதும் வழிகளை எண்ணினால், எண் பத்து மடங்காகும்போது வழிகள் பத்தாயிரம் கோடி மடங்குக்கும் மேல் பெருகும். இத்தனை வழிகள் இருக்கும்போது ஒன்றுகூட அமையாமல் போவது நடக்காத காரியம் என்று மனம் சொல்கிறது. மனம் சொல்வதை நிரூபணமாக மாற்ற ஒரு கருவி வேண்டும்.

அந்தக் கருவியின் வேர் நம் ஊர்க்காரரிடம் இருக்கிறது. ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்ற கேள்விக்கு 1918இல் ராமானுஜனும் ஹார்டியும் ஒரு புதிய முறையில் விடை கண்டார்கள். 200 என்ற எண்ணை 3,97,299 கோடியே 90 லட்சத்து 29 ஆயிரத்து 388 விதங்களில் பிரிக்கலாம். அவர்களுடைய முறை இந்த எண்ணை அப்படியே கொடுத்தது. வட்ட முறை என்று இதைச் சொல்லலாம். ஹார்டியும் லிட்டில்வுட்டும் இதை வேரிங்கின் கேள்விக்குக் கொண்டுவந்தார்கள். ரஷ்யாவின் வினோகிராதோவ் 1930களில் இதைக் கூர்மையாக்கினார்.

வட்ட முறை செய்வது இதுதான்: வழிகளின் எண்ணிக்கையை இரண்டு பகுதிகளாகப் பிரிக்கிறது. ஒன்று, துல்லியமாகக் கணக்கிடக்கூடிய முதன்மைப் பகுதி. மற்றது பிழைப் பகுதி. அதன் மதிப்பு தெரியாது, ஆனால் இதற்கு மேல் போகாது என்று ஓர் உச்சவரம்பு சொல்ல முடியும். முதன்மைப் பகுதி அந்த வரம்பைவிடப் பெரிதாக இருந்தால் குறைந்தது ஒரு வழியாவது இருந்தே தீர வேண்டும். எண் பெரிதாகும்போது முதன்மைப் பகுதி வேகமாக வளர்ந்து பிழையை விழுங்கிவிடுகிறது. சிறிய எண்களில் பிழை கை ஓங்கி நிற்கிறது, முறை எதுவும் சொல்லாமல் நின்றுவிடுகிறது. ஆகவே இந்த முறையில் வரும் ஒவ்வொரு முடிவும் ‘போதுமான அளவு பெரிய எண்களுக்கு’ என்றே தொடங்கும். போதுமான அளவு என்றால் எவ்வளவு? பல நூறு, சில சமயம் பல லட்சம் இலக்கங்கள் கொண்ட எண்ணாக அது இருக்கும். அதற்குக் கீழே உள்ள அத்தனை எண்களும் சோதிக்கப்படாமல் நிற்கும்.

கீழேயிருந்து ஏறிவர வேறொரு முறை உண்டு. அமெரிக்காவின் டிக்சன் இதை வளர்த்தெடுத்தார். ஏறுபடி முறை என்று வைத்துக்கொள்வோம். 703 போன்ற சிறிய எண்களை விட்டுவிட்டு, அவற்றுக்கு மேல் ஓர் எல்லை வரை உள்ள எல்லா எண்களுக்கும் 60 நாணயங்கள் போதும் என்று கையால் கணக்கிட்டுத் தெரிந்துகொண்டதாக நினையுங்கள். அந்த எல்லையைத் தாண்டிய ஓர் எண்ணை எடுத்து, அதற்குள் அடங்கும் மிகப் பெரிய ஆறாம் அடுக்கைக் கழித்துவிடுங்கள். மிச்சம் அந்தச் சிறிய எண்களுக்கு மேலாக, பழைய எல்லைக்குள் வந்து விழுந்தால் 61 நாணயங்கள் போதும். இப்படி ஒரு நாணயத்தைக் கூட்டும்போதெல்லாம் எல்லையின் இலக்கங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் வட்டிக்கு வட்டி போல் ஏறுவதால், ஆறு நாணயங்களில் இலக்கங்களின் எண்ணிக்கையே ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. கையால் எழுதிய அட்டவணையிலிருந்து புறப்பட்டு, அண்டத்தின் அணுக்களை எண்ணினாலும் எட்டாத எண்களுக்குச் சில படிகளில் போய்விடலாம்.

மேலிருந்து வட்ட முறை, கீழிருந்து ஏறுபடி முறை. இரண்டும் நடுவில் சந்தித்துவிட்டால் எல்லா எண்களும் அடங்கிவிடும். ஏழாம் அடுக்குக்கும் அதற்கு மேற்பட்ட அடுக்குகளுக்கும் இந்தச் சந்திப்பை 1936இல் டிக்சனும் பிள்ளையும் தனித்தனியே நடத்திக் காட்டினார்கள். எல்லா அடுக்குகளுக்கும் பொதுவான அவர்களுடைய விடையில் ஒரு சிறு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 47 கோடியே 16 லட்சம் வரையுள்ள அடுக்குகளுக்கு அது சரியாக இருப்பதை 1990இல் கணினியில் பார்த்துவிட்டார்கள்.

ஆறாம் அடுக்கு அப்படி எளிதாக மடியவில்லை. ஏழாம் அடுக்குக்கு அனுமதிக்கப்பட்ட நாணயங்கள் 143. ஆறாம் அடுக்குக்கு 73 மட்டுமே. அடுக்கு குறையக் குறைய வட்ட முறை ஓடியாடும் இடம் சுருங்குகிறது. ஏறுபடிக்குச் செலவழிக்கும் நாணயங்களும் குறைகின்றன. கணினி இல்லாத காலத்தில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்துகொண்டு, பிள்ளை இரண்டு முனைகளையும் இழுத்து இணைத்தார். இதன் அருமை பின்னால் வந்த ஆண்டுகளைப் பார்த்தால் புரியும். ஐந்தாம் அடுக்குக்கு 37 போதும் என்று சீனாவின் சென் ஜிங்ருன் நிரூபிக்க 1964 ஆயிற்று. நான்காம் அடுக்குக்கு 19 போதும் என்ற வேரிங்கின் சொல் 1986இல்தான் நிறைவேறியது. அதை முடித்த மூவரில் ஒருவர் சென்னையின் ரா. பாலசுப்பிரமணியன், மற்ற இருவர் பிரான்சின் தெசூய்யே, திரெஸ்.

‘போதுமான அளவு பெரிய எண்’ என்ற சொல்லுக்குள் எவ்வளவு தூரம் ஒளிந்திருக்கிறது என்பதைக் கனங்களின் கதை நன்றாகக் காட்டும். 23க்கு ஒன்பது கனங்கள் தேவை: இரண்டு எட்டுகள், ஏழு ஒன்றுகள். 239க்கும் ஒன்பது தேவை. இந்த இரண்டைத் தவிர வேறு எந்த எண்ணுக்கும் எட்டு கனங்களே போதும். 454க்கு எட்டு வேண்டும். அதற்கப்பால்? பெரிய எண்களுக்கு ஏழே போதும் என்று 1943இல் லின்னிக் நிரூபித்தார். எங்கிருந்து என்று சொல்லவில்லை. 1984இல் மெக்கர்லி ஒரு தொடக்கப் புள்ளியைச் சொன்னார். அந்த எண்ணை எழுத ஏறத்தாழ 4.9 லட்சம் இலக்கங்கள் வேண்டும். அச்சிட்டால் ஒரு தடித்த புத்தகம். 2007இல் ராமரே அதை 228 இலக்கங்களுக்குக் கொண்டுவந்தார். 454ஐத் தாண்டிய ஒவ்வொரு எண்ணுக்கும் ஏழு கனங்கள் போதும் என்று 2016இல் வெளியான கட்டுரையில் சிக்செக் முழுமையாக முடித்தார். லட்சக்கணக்கான இலக்கங்களில் தொடங்கிய எல்லை, மூன்று இலக்கத்தில் வந்து நின்றது. உண்மை எப்போதும் 454தான். நம் அறிவு அங்கே வந்துசேர 73 ஆண்டுகள் ஆயின.

நான்கு கனங்களுக்கு இன்னும் விசித்திரம். 7,37,317 கோடியே 2 லட்சத்து 79 ஆயிரத்து 850 என்ற எண்ணை நான்கு கனங்களின் கூட்டலாக எழுத முடியாது. அதற்கு மேல் எல்லா எண்களையும் எழுதிவிடலாம் என்று 2000இல் தெசூய்யே, ஹென்னெகார், லாந்த்ரோ ஆகிய மூவரும் கணினிச் சோதனையின் பலத்தில் கணித்தார்கள். நிரூபணம் இல்லை. சிறிய எண் என்ற சொல் பதின்மூன்று இலக்கம்வரை நீளக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

எல்லை எங்கே என்ற கேள்வி பிள்ளையை விடாமல் பிடித்திருந்தது போலும். அதே காலத்தில் அவர் எடுத்துக்கொண்ட இன்னொரு கணக்கு இது. அடுத்தடுத்து வரும் சில எண்களை எடுங்கள். மற்ற எல்லாவற்றோடும் பொதுக் காரணி இல்லாத ஓர் எண் அந்தக் கூட்டத்தில் இருக்குமா? பதினாறு எண்கள் வரை எடுத்தால், எங்கே எடுத்தாலும் கட்டாயம் இருக்கும் என்று பிள்ளை நிரூபித்தார். பதினேழு எடுத்தால் உறுதி உடைந்துபோகிறது. 2,184இலிருந்து 2,200 வரை எழுதிப் பாருங்கள். இரட்டை எண்களுக்கு 2 பொதுக் காரணி. 2,187, 2,193, 2,199 மூன்றும் 3ஆல் வகுபடும். 2,185க்கும் 2,195க்கும் 5 பொது. 2,191ஐ 7 வகுக்கிறது, 2,184ஐயும் வகுக்கிறது. 2,189க்கும் 2,200க்கும் 11. 2,197 என்பது 13இன் கனம். 2,184உம் 13ஆல் வகுபடும். ஓர் எண்கூடத் தனித்து நிற்கவில்லை. பேனாவும் தாளும் இருந்தால் பத்தாம் வகுப்பு மாணவர் இதைச் சரிபார்த்துவிடலாம். வகுப்பறையில் செய்து பார்க்க இதைவிட நல்ல கணக்கு கிடைப்பது அரிது.

பிள்ளையின் வாழ்க்கையில் எதுவும் சுலபமாக அமையவில்லை. ஒரு வயதில் தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் தந்தையும் போனார். செங்கோட்டையில் பாடம் சொன்ன சாஸ்திரியார் என்ற ஆசிரியர் கைகொடுத்ததால் படிப்பு நிற்கவில்லை. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, பிறகு சென்னையில் ஆனந்த ராவிடம் ஆராய்ச்சி, 1929இலிருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1941இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்துக்குப் போய், அடுத்த ஆண்டே கல்கத்தாவுக்கு மாறினார். அங்கே அவரை அழைத்தவர் கணிதத் துறையின் தலைவர் பிரீட்ரிக் லெவி. யூதர் என்பதால் ஹிட்லரின் ஜெர்மனியில் வேலை பறிக்கப்பட்டு, 1930களின் நடுவில் கல்கத்தாவுக்கு வந்தவர். தென்காசிச் சீமையில் பிறந்தவரும் ஜெர்மனியிலிருந்து துரத்தப்பட்டவரும் ஒரே துறையில் சேர்ந்தது கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குப் பெருமை.

அவர் அங்கே வாழ்ந்த ஆண்டுகள் அந்த நகரத்துக்குக் கொடுமையானவை. 1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. 1943இல் வங்காளப் பஞ்சம். 1946 ஆகஸ்டில் கலவரம். மறு ஆண்டு பிரிவினை. அதற்கிடையில், 1945இல், கல்கத்தா கணிதக் கழகத்தின் இதழில் 2இன் அடுக்குகளையும் 3இன் அடுக்குகளையும் பற்றிப் பிள்ளையின் கட்டுரை ஒன்று வந்தது. அதில் தம்முடைய ஊகம் ஒன்றையும் அச்சில் பதிவு செய்தார். உலகம் இன்று அவர் பெயரை அதிகம் சொல்வது அந்த ஊகத்துக்காகத்தான்.

வர்க்கங்கள், கனங்கள், நான்காம் அடுக்குகள் என எல்லா அடுக்கு எண்களையும் ஒரே வரிசையில் நிறுத்துங்கள்: 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36, 49, 64 என்று போகும். அடுத்தடுத்த எண்களுக்கு இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். 8க்கும் 9க்கும் ஒன்றே வித்தியாசம். 25க்கும் 27க்கும் இரண்டு. போகப்போக இந்த நெருக்கம் நின்றுவிடும். நீங்கள் எந்த வித்தியாசத்தைச் சொன்னாலும், ஓர் எல்லைக்கு அப்பால் அத்தனை நெருக்கமாக இரண்டு அடுக்கு எண்கள் வராது. இதுதான் பிள்ளையின் ஊகம். பெரிய எண்கள் அடங்கி நடக்கும் என்ற நம்பிக்கையின் இன்னொரு வடிவம் இது.

நம்புவது எளிதல்ல. 5,234இன் கனம் 14,338 கோடியே 41 லட்சத்து 52 ஆயிரத்து 904. 3,78,661இன் வர்க்கம் 14,338 கோடியே 41 லட்சத்து 52 ஆயிரத்து 921. அவ்வளவு தூரம் போன பிறகும் ஒரு கனமும் ஒரு வர்க்கமும் பதினேழே பதினேழு வித்தியாசத்தில் நெருங்கி நிற்கின்றன. ஒரு கனத்துக்கும் ஒரு வர்க்கத்துக்கும் இடையே சரியாகப் பதினேழு வரும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பது தெரியும். ஆனால் எந்த அடுக்கு வேண்டுமானாலும் வரலாம் என்று கதவைத் திறந்துவிட்டால் நம்மிடம் உள்ள கருவிகள் கைவிரித்துவிடுகின்றன. வரிசையில் கோடி எண்கள் வரை பார்த்து நெருக்கம் காணவில்லை என்று சொல்வது எதையும் நிரூபிக்காது. 454உம் பதின்மூன்று இலக்க எண்ணும் கற்றுக்கொடுத்த பாடம் அதுதான்.

1950இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் உலகக் கணித மாநாடு நடந்தது. அதில் கலந்துகொள்ளவும், பிரின்ஸ்டன் உயர்கல்வி நிறுவனத்தில் ஓராண்டு தங்கி ஆராய்ச்சி செய்யவும் பிள்ளை புறப்பட்டார். ஆகஸ்ட் 31ஆம் தேதி கெய்ரோவிலிருந்து கிளம்பிய அவருடைய விமானம் எகிப்து மண்ணிலேயே விழுந்து எரிந்தது. அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். அவருக்கு வயது 49. கணக்குகளோடு இன்னும் இருபது ஆண்டு உட்காரக்கூடிய வயது.

அவருடைய கட்டுரைகளை ரா. பாலசுப்பிரமணியனும் ரா. தங்கதுரையும் தொகுத்து, ராமானுஜன் கணிதக் கழகம் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறது. அடுக்கு எண்களைப் பற்றிய ஊகத்தில், வித்தியாசம் 1 என்ற ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் 2002இல் மிஹாய்லெஸ்கு விடை கண்டார்: 8, 9 தவிர வேறு ஜோடி கிடையாது. 2 தொடங்கி மற்ற எந்த வித்தியாசத்துக்கும், அப்படிப்பட்ட ஜோடிகள் எண்ணி முடிக்கக்கூடியவையா என்பதை இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை.